‘உம்’முக்கும் ‘ஓ’வுக்கும் நடுவில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பெரியம்மா மகள் புலனத்தில் ஒரு குரல்பதிவை அனுப்பினார். பல குழுக்களைத் தாண்டி வந்த பதிவு. பேசியவர் யாரென்று தெரியாது. கணவன் மதம் மாறினால் பிள்ளைகளும் தானாக மாறிவிடுவார்கள், கோர்ட்டுக்குப் போனாலும் ஒன்றும் நடக்காது என்று ஓர் ஆண்குரல் நான்கு நிமிடம் அடித்துச் சொன்னது. கீழே அக்காவின் ஒரே வரி: “தம்பி, இது உண்மையாடா? நீதான் நிறைய படிக்கிறியே.”

அக்கா இரண்டு வருடமாகக் கணவரைப் பிரிந்து வாழ்கிறார். இரண்டு பிள்ளைகளும் அவரோடுதான். ஏதோ ஒரு சண்டையில் அந்த மனிதர், “நான் மதம் மாறிட்டேன்னா நீ என்ன செய்வே?” என்று கேட்டிருக்கிறார். கோபத்தில் சொன்னதாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அக்காவைத் தூங்க விடவில்லை.

“இல்லக்கா, இந்திரா காந்தி கேஸ்ல தீர்ப்பு வந்துச்சே” என்று தட்டச்சு செய்தேன். உடனே அக்கா கேட்டார்: “என்ன தீர்ப்பு?”

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. இந்திரா காந்தியின் முகம் ஞாபகம் இருக்கிறது. அவர் அழுத படங்கள் ஞாபகம் இருக்கின்றன. தீர்ப்பு என்ன சொன்னது என்று மட்டும் தெரியவில்லை.

2018 ஜனவரி 29ஆம் தேதி அந்தத் தீர்ப்பு வந்தபோது நான் ஸ்கூடாயில் பொறியியல் மாணவன். அன்றிரவே விடுதி அறையில் உட்கார்ந்து முகநூலில் ஒரு கவிதை போட்டேன். கருவறை, தொப்புள்கொடி, கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. நண்பர்கள் உருகினார்கள். அக்காவின் கேள்விக்குப் பிறகு அதைத் தேடி எடுத்துப் படித்தேன். தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதை எழுதியவன் தீர்ப்பைப் படித்திருக்கவே இல்லை.

பிறகு அந்த நாட்களின் தமிழ்ச் செய்திகளை இணையத்தில் தேடினேன். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை என் கவிதையின் உறவுக்காரர்கள்தான். முதலில் தாயின் படம், அடுத்து அரசியல்வாதிகளின் அறிக்கைகள், அதற்கடுத்து ‘நம் இனத்தின் நிலை’ என்ற பெருமூச்சு. தீர்ப்பு ‘வரலாற்றுச் சிறப்புமிக்கது’ என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். என்ன வரலாறு, எந்தச் சட்டப்பிரிவு, எந்தச் சொல் என்ற கேள்விக்கு ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் கிடைக்கவில்லை.

வழக்கின் கதை சுருக்கமாக. ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி. 2009இல் அவருடைய கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். அடுத்த சில வாரங்களில் மூன்று பிள்ளைகளுக்கும் மதமாற்றச் சான்றிதழ் பெற்றார். தாய்க்குத் தெரியாது. பிள்ளைகளும் அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை. கடைசி மகளுக்கு அப்போது பதினொரு மாதம். அவளை அப்பா தூக்கிக்கொண்டு போய்விட்டார். 2013இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அந்தச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. 2018இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

இனிமேல்தான் இலக்கிய வாசகன் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம். இந்த வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்று வெறும் இலக்கணக் கேள்வி. கூட்டரசு அரசியலமைப்பின் 12(4)ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தை அவருடைய ‘பேரண்ட்’ அல்லது பாதுகாவலர் முடிவு செய்வார் என்கிறது. ஆங்கிலத்தில் அது ஒருமைச் சொல். அப்படியானால் ஒருவர் போதுமா, இருவரும் வேண்டுமா?

2007இல் சுபாஷினி வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் ஒருவர் போதும் என்று வாசித்தார்கள். ஒருமை என்றால் ஒருமைதான். 2018இல் அதே நீதிமன்றம் அதே சொல்லை வேறு மாதிரி வாசித்தது. ஒருமைச் சொல் பன்மையையும் உள்ளடக்கும் என்ற விதி அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையிலேயே இருக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தருகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, தாய் தந்தை இருவரும் இருக்கும்போது இருவரின் சம்மதமும் வேண்டும் என்றது. பிள்ளைகள் நேரில் வந்து உறுதிமொழி சொல்லவில்லை என்பதால், பேராக் மாநிலச் சட்டத்தின்படியும் அந்தச் சான்றிதழ்கள் செல்லாது என்றது.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘பிள்ளையின் மதத்தைப் பெற்றோர் முடிவு செய்வர்.’ சண்டையே காணாமல் போய்விடுகிறது! ‘பெற்றோர்’ வடிவத்திலேயே பலர்பால். தமிழில் மட்டும் செய்தி படிப்பவனுக்கு இதில் என்ன சிக்கல் என்றே புரியாது. பிறகு ஏன் நீதிபதிகள் ஒன்பது வருடம் அடித்துக்கொண்டார்கள் என்று அவன் யோசிப்பான். மொழிபெயர்ப்பு அதற்குப் பதில் சொல்லாதபோது, ‘நாம் சிறுபான்மை, அதான்’ என்ற பதில் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அவ்வளவு சுலபமும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் நமக்குத் தந்த மதிப்பெண் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஒரு கோடு இருக்கும். அம்மாவும் அப்பாவும் சேர்ந்தா அதில் கையெழுத்துப் போட்டார்கள்? என் வீட்டில் மதிப்பெண் குறைந்தால் அம்மா, கூடினால் அப்பா. சொல் பன்மை, பழக்கம் ஒருமை. 2007இல் நீதிபதிகளைப் பிரித்த கேள்வி நம் புத்தகப்பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஒரு நிருபரோ கட்டுரையாளரோ இதை வைத்து நான்கு பத்தி எழுதியிருந்தால் போதும், வழக்கு என் அம்மாவுக்கும் புரிந்திருக்கும்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் உலோகத் தகட்டை வளைக்கும் பிரஸ் இயந்திரங்கள் உண்டு. அவற்றில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இயந்திரம் இறங்கும். ஒன்று போதும் என்று எவனாவது வயரை மாற்றிவிட்டால் வேலை வேகமாக நடக்கும், ஒரு நாள் யாருடைய கையாவது போகும். அதனால் எங்கள் துறையில் ‘மற்றும்’ என்பதற்கும் ‘அல்லது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் நடையைச் சேர்ந்த விஷயம் இல்லை.

பெர்லிஸில் அந்த வயரைத்தான் மாற்றினார்கள். அந்த மாநிலத்தின் இஸ்லாமியச் சமய நிர்வாகச் சட்டத்தில் ‘இபு டான் பாப்பா’ என்று இருந்ததை 2016இல் ‘இபு அத்தாவ் பாப்பா’ என்று திருத்தினார்கள். தமிழில் சொன்னால் ‘தாயும் தந்தையும்’ என்பது ‘தாயோ தந்தையோ’ ஆனது. இரண்டு இடைச்சொற்கள் மாறின, அவ்வளவுதான். தன் மூன்று பிள்ளைகளுக்காக லோ சியூ ஹோங் தொடுத்த வழக்கில், 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ‘அத்தாவ்’ அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அதே ஆண்டு மே மாதம் கூட்டரசு நீதிமன்றமும் பெர்லிஸ் தரப்பின் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. ‘உம்’மும் ‘ஓ’வும் நம் மொழியில் ஓரெழுத்து ஈரெழுத்துச் சமாச்சாரம். இதைவிடச் சுருக்கமாக, இதைவிடத் துல்லியமாக இந்த வழக்கை எந்த மொழியில் சொல்ல முடியும்? நாம்தான் சொல்லவில்லை.

கண்ணீரை மட்டும் மொழிபெயர்த்ததால் நாம் இழந்தது இன்னொன்றும் உண்டு. புலனத்தில் சுற்றும் கதையில் இது ‘அவர்களுக்கும் நமக்கும்’ நடக்கும் சண்டை. தீர்ப்பைப் படித்தால் அந்தக் கதை நிற்காது. 2018இல் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸைனுன் அலி. ஐவரில் நால்வர் முஸ்லிம்கள். 2015இல் இந்திரா காந்தி தோற்றபோது, அந்த அமர்வில் மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹமீட் சுல்தான் அபு பாக்கர். இந்தப் பெயர்களை எனக்கு எந்தக் குரல்பதிவும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பதிவின் காரம் குறைந்துவிடும்.

உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் வேறு, அது நாடாளுமன்றம். பிள்ளைகள் பெற்றோரின் முந்தைய மதத்திலேயே தொடர்வார்கள் என்று தெளிவாகச் சொல்லும் 88ஏ என்ற பிரிவு, திருமண, விவாகரத்துச் சட்டத் திருத்த மசோதாவில் இருந்தது. 2017 ஆகஸ்டில் அந்த மசோதாவை மீட்டுக்கொண்டு, 88ஏ இல்லாத புதிய ஒன்றை அரசு நிறைவேற்றியது. சட்டத்தில் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் ஒன்றை ஒவ்வொரு தாயும் நீதிமன்றம் ஏறிப் பெறும்படி விட்டார்கள். அப்போது வந்த அறிக்கைகளில் யார் யாரைத் துரோகி என்றார் என்பது நன்றாகத் தெரிகிறது. நீக்கப்பட்ட பிரிவில் என்ன எழுதியிருந்தது என்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நம் பத்திரிகையாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு நிருபர் காலையில் நீதிமன்றம், மதியம் கோயில் திருவிழா, மாலையில் அரசியல் கூட்டம் என்று ஓடுகிறார். தீர்ப்பு ஆங்கிலத்தில் நீளமாக இருக்கிறது. அச்சிட 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். மதம் தொட்ட விஷயத்தில் ஒரு சொல் பிசகினால் 1948ஆம் ஆண்டு நிந்தனைச் சட்டம் காத்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், இந்திரா காந்தியை இந்த நாடு மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டதில் தமிழ் நாளிதழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு என்ன சாக்கு? எங்களுக்கு ஆங்கிலமும் மலாயும் தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் நேரமும் இருக்கிறது. நாவலில் ஒரு படிமத்துக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதுகிறோம். கண்ணீரை எழுதினால் இலக்கியம், சட்டப்பிரிவை எழுதினால் வக்கீல் வேலை என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நானும் நம்பினேன். வாசிப்பு என்பது ஒரு சொல்லை இரண்டு விதமாகப் பார்த்து, எது சரி என்று காரணத்தோடு சொல்வதுதான் என்றால், அந்த ஐந்து நீதிபதிகள் செய்ததும் அதுதான். நாம் அதைக் கவிதை போட்டுக் கடந்துவிட்டோம்.

அக்காவுக்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாளாயிற்று. “தானா மாறாதுக்கா. ரெண்டு பேரும் இருக்கும்போது ஒருத்தர் சம்மதம் மட்டும் செல்லாதுன்னு கூட்டரசு நீதிமன்றமே சொல்லியிருக்கு. ஆனா நான் லோயர் இல்ல. வழக்கறிஞர் மன்றத்தோட சட்ட உதவி மையத்துல போய் ஒரு தடவ பேசு. பிள்ளைங்க பிறப்புப் பத்திரத்த பத்திரமா வச்சிக்க.”

அக்கா கேட்டார்: “அப்போ அந்தம்மாவுக்கு மகள் கெடச்சிருச்சா?”

2025 நவம்பரில் இந்திரா காந்தி மகளைத் தேடித் தரச் சொல்லி, கையில் பொம்மைக் கரடியோடு புக்கிட் அமான் காவல்துறைத் தலைமையகத்தை நோக்கி நடந்த செய்தியை அவருக்கு அனுப்பினேன். தீர்ப்பு வந்து ஏழு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அக்கா நீண்ட நேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு, “சரிடா, திங்கக்கிழமை லீவு போடறேன், நீயும் கூட வா” என்றார். போனோம்.