லேபிளில் ஒரு சொல்

பதின்வயதுப் பெண்களுக்கென உடை விற்கும் பிராண்டி மெல்வில் என்னும் இத்தாலிய நிறுவனம் 2009-இல் அமெரிக்காவில் கடை திறந்தது. அதன் ஆடைகளிற் பெரும்பாலானவை ஒரே அளவில் தைக்கப்பட்டவை. அதுவும் மெலிந்த உடலுக்கான சிற்றளவு. 'ஒரே அளவு, எல்லோருக்கும் பொருந்தும்' என்றது லேபிள். கண்டனம் எழுந்தபின் 'எல்லோருக்கும்' என்பது 'பெரும்பாலோருக்கு' என மாறிற்று. துணி ஓர் அங்குலமும் அகலவில்லை.

இத்திருத்தம் முன்னதினும் கொடிது என்போம். முன்னது வெறும் பொய். அணிந்து பார்த்த எவளும் மறுத்துவிடுவாள். பின்னதோ, சட்டைக்குள் அடங்காத சிறுமியைப் பெரும்பாலோரிலிருந்து விலக்கி நிறுத்துகிறது. தையற்காரர் கை பிசகினால் துணியைத்தானே பிரித்துத் தைக்கிறோம்! இங்கே அவள் தன் இடுப்பையன்றோ நொந்துகொள்கிறாள்?

விளம்பரமும் இதற்குத் துணை நின்றது. புகழ்பெற்ற நடிகையரை அந்நிறுவனம் நாடவில்லை. கடைப் பணிப்பெண்களையும் வாடிக்கைப் பெண்களையுமே படமெடுத்து இன்ஸ்டாகிராமில் இட்டது. அநேகமாக எல்லோரும் ஒல்லியர், வெள்ளையர். தோற்றம் பார்த்தே வேலை தரப்பட்டதென முன்னாள் பணியாளர்கள், ஈவா ஓர்னர் இயக்கிய 2024-ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் கூறுகின்றனர். நடிகையின் உருவத்தை எட்டாததென்று ஒதுக்கிவிடலாம். வகுப்பில் அருகமர்ந்த தோழியைப் போன்றவளின் உருவத்தைப் பதினான்கு வயதுப் பெண் எப்படி ஒதுக்குவாள்?