மனோகர் தேவதாஸின் கருப்புக் கோடுகள்

மனோகர் தேவதாஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பட்ட கஷ்டத்தில் ஆரம்பித்து, கஷ்டத்திலேயே முடித்துவிடுகிறார்கள். படத்தைப் பற்றிப் பேச இடமே மிஞ்சுவதில்லை. இது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது என்பது அடியேனின் எண்ணம்.

மாநிலம் தாண்டி இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்காக நாலு வரி. 1936-இல் மதுரையில் பிறந்தவர். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னையில் பேட்டரி கம்பெனியில் உத்தியோகம் பார்த்தார். 1972 டிசம்பரில் நடந்த கார் விபத்தில் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. 2008-இல் அம்மையார் மறையும் வரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். இவருக்கோ விழித்திரை நோய். பார்வை வட்டம் வருஷா வருஷம் சுருங்கியது. 2020-இல் பத்மஸ்ரீ. 2022-இல் காலமானார்.

இனி படம். இடத்தை நேரில் போய்ப் பார்த்து, அமைப்பைக் குறித்துக்கொண்டு, வீட்டில் பேனாவும் கருப்பு மையுமாக நாள் கணக்கில் முடிப்பார். வெட்டவெளியிலேயே உட்கார்ந்து முடித்தால்தான் இயற்கைக் காட்சி என்று ஒரு கட்சி உண்டு. நிழல் நகர்வதற்குள் பிடித்துவிட வேண்டுமாம். பிரெஞ்சுக்காரர் மோனே அப்படி வரைந்துதான் பெயர் வாங்கினார், சரி. ஆனால் வீட்டில் மனைவி அசைய முடியாமல் இருக்க, வைகைக் கரையில் பொழுதெல்லாம் உட்கார முடியுமா? ஆகவே இவர் படங்களில் ஓடுகிற கணம் கிடையாது. நின்ற பொழுதுதான் உண்டு. கல் கல்லாகவும் இலை இலையாகவும் எண்ணி வைத்தாற்போல இருக்கும். போட்டோ மாதிரி இருக்கிறதே என்று இதைக் குறை சொல்பவர்களும் உண்டு. நான் ஒப்பமாட்டேன். பார்வை சுருங்கியவருக்கு ஒரு நேரத்தில் கோபுரத்தின் ஒரு துண்டுதானே கண்ணில் படும்? முழுக் கோபுரமும் அளவு பிசகாமல் காகிதத்தில் நிற்க வேண்டுமானால் அது மனசில் நின்றிருக்க வேண்டும். போட்டோவுக்கு ஏது மனசு? சம்சாரம் கலையைக் கெடுக்கும் என்கிற பேச்சும் இங்கே எடுபடாது. அந்தக் கோட்டின் நிதானம் வீட்டிலிருந்து வந்தது.

குறையே இல்லையா என்றால், உண்டு. 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை'யைப் புரட்டும்போது, வெதுருகுப்பத்தில் கடை வைத்து வியாபாரம் பார்க்கிற எனக்கு அந்த ஊர் கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாகத் தெரிகிறது. பால்ய நினைவின் மதுரை அது. கசப்பு குறைவு.

யானைமலையையும் வரைந்திருக்கிறார். அந்தப் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும், வட்டெழுத்தில் அச்சணந்தி முனிவரின் பெயரும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அவை தெரியாது. சமணனான எனக்கு அதில் சிறு வருத்தம்தான். ஆனாலும் மலையின் கனம் குறையவில்லை.

வாழ்த்து அட்டைகளையும் விடக்கூடாது. படம் இவருடையது, கூட வரும் விளக்கம் அம்மையாருடையது; பணம் தர்மத்துக்குப் போயிற்று. அம்மையாரின் வாசகத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் பாதியைத்தான் மாட்டுகிறார்கள்.