எரியும் பாதமும் எட்டு வாரத் தியானமும்

"சுகரால கால் எரியுதா? மாத்திரை வேண்டாம், தியானம் போதும்" என்ற தொனியில் வரும் கட்டுரைகளைப் பார்க்கும்போதெல்லாம் மூல ஆய்வைத் தேடிப் படித்துவிடுவது என் வழக்கம். அப்படிப் படித்ததில் முக்கியமானது கனடாவின் ஒட்டாவாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு. சர்க்கரை நோயால் நரம்பு வலி உள்ள 66 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை, கூடவே காத்திருப்போர் பட்டியலில் ஓர் இடம். பயிற்சி பெற்றவர்களுக்கு வலி குறைந்தது, அன்றாட வேலைகள் சுலபமாயின, மனச்சோர்வும் இறங்கியது.

நல்ல சேதிதான். ஆனால் அந்தக் காத்திருப்போர் பட்டியல்தான் எனக்கு இடிக்கிறது. ஒரு குழு வாரா வாரம் கூடி உட்கார்ந்து, தன்னைப் போலவே கால் எரிகிறவர்களோடு பேசுகிறது. இன்னொரு குழு சும்மா காத்திருக்கிறது. குறைந்த வலியில் தியானத்தின் பங்கு எவ்வளவு, கூடிப் பேசியதன் பங்கு எவ்வளவு? இதை எப்படிப் பிரிப்பது? 2010இல் அமெரிக்காவில் 20 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. அதில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது: உணவு பற்றிய தகவல், சாப்பிட்டதைக் குறித்து வைப்பது. அங்கே இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 20 பேர் போதாது, நாலு வாரமும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லையே!

இந்தப் பயிற்சியை ஜான் கபட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கினார். மொத்தம் எட்டு வாரம். வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் செய்ய வேண்டும். முதலில் கற்பது படுத்தபடி உடம்பை ஒவ்வோர் இடமாகக் கவனிப்பது. அது தொடங்கும் இடமே இடது கால் விரல்கள்! போர்வை பட்டாலே துடிக்கிறவருக்கு முதல் பாடமே வலிக்கிற இடத்தில். வலியை விரட்டாமல் பார்க்கப் பழகுவதுதான் நோக்கம் என்பது புரிகிறது. ஆனால் இந்தக் காலுக்கு ஏற்ப அதை எப்படி மாற்றுவது என்று சொல்லித் தர வேண்டாமா? நடைத் தியானமும் அப்படித்தான். பாதம் மரத்தவரை வெறுங்காலோடு நடக்கச் சொல்லவே கூடாது. ஆணி குத்தினாலும் அவருக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரைகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்: சர்க்கரை நோயில் வலி குறைவது எப்போதும் நல்ல அடையாளம் இல்லை. நரம்பு மேலும் கெட்டுப்போனாலும் எரிச்சல் அடங்கி மரத்துப் போகும். புண் வருவதும், விரலை எடுக்க நேர்வதும் பெரும்பாலும் அந்த மரத்த காலில்தான். "தியானத்துல சரியாயிடுச்சு" என்று ஒருவர் நிம்மதியாகிப் பாதத்தைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்?

தியானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரிகாபலின், டுலாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளால் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வந்து அவதிப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சிகிச்சையோடு சேர்த்து இதுவும் கொஞ்சம் உதவினால் லாபம்தான். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது வேறு கதை.

பத்து கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒரு சில நிமிட வேலை. வலி குறைந்ததாகச் சொன்னவர்களுக்கு அதை முன்னும் பின்னும் செய்து பார்த்தார்களா என்பதைத்தான் அடுத்த ஆய்வு வந்தால் முதலில் தேடுவேன்.