மழலை விளையாட்டுப் பாடல்களும் மொழிபெயர்ப்பும்

1. நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நவசேதனா’ என்னும் சட்டகம், பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளோடு பேசுதலையும் விளையாடுதலையும் வலியுறுத்துகிறது. இந்நோக்கிலான நூல்கள் இந்திய மொழிகளில் ஆக்கப்படுங்கால் மழலைப் பாடல்களும் பெயர்க்கப்படுதல் இயல்பு. அப்பெயர்ப்பிற்கு அளவுகோல் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. மழலையரிடம் பேசும் மொழி தனிக்கூறுகளை உடையது என்பதை பெர்குசன் 1964இல் மராத்தி உள்ளிட்ட ஆறு மொழிகளைக் கொண்டு விளக்கினார். எட்டு மாதக் குழந்தை, இரண்டு நிமிடம் கேட்ட தொடர் ஒலியினின்றே அசைகளின் சேர்க்கையைக் கொண்டு சொல்லெல்லையை உணர்கிறது என்பதை சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் ஆகியோர் 1996இல் காட்டினர். மாறாத சட்டத்தில் மீண்டும் மீண்டும் நிகழும் விளையாட்டே மொழிப்பேற்றின் களம் என்பது புரூனரின் (1983) கருத்து.

3. தமிழகத்துப் பருப்புக் கடையும் விளையாட்டு இதற்குத் தக்க சான்று. குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, வீட்டார் ஒவ்வொருவர்க்கும் பங்கிடுவர். பின் விரல்கள் கைவழியே ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும். அப்பாவுக்கு, பாட்டிக்கு, அண்ணனுக்கு என நான்காம் வேற்றுமை உருபு நிலைத்து நிற்கப் பெயர் மட்டும் மாறுகிறது. மாறும் பெயர்க்கு உரியவர் குழந்தை நாளும் காண்பவர்; ஒவ்வொரு பெயர்க்கும் ஒரு விரல் உண்டு. இறுதிச் சிரிப்பிற்கு முன் அமையும் இடைநிறுத்தம், குழந்தை தன் முறைக்குக் காத்திருக்கும் இடம். உரையாடலின் முதற்பயிற்சி அது. செங்கீரை, சப்பாணி, வருகை எனப் பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் குழந்தையின் அசைவுகளால் பெயர்பெற்றிருப்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

4. கால்விரல்களைப் பன்றிக்குட்டிகளாகக் கொள்ளும் ஆங்கிலப் பாடலும் இவ்வாறே விரலோடு பிணைந்தது. அதனைப் பெயர்ப்போர் பன்றியையும் சந்தையையும் காத்து விரலை விட்டுவிடின், எஞ்சுவது குழந்தைக்குத் தொடர்பில்லாத செய்தியே. மற்றொரு பிழை இயைபுத் தொடையைத் துரத்துவது. ஆங்கிலத்தில் அடியிறுதி ஒலியொப்புமை பெரும்பாலும் வேறுவேறு வேர்ச்சொற்களை எதிர்நிறுத்துகிறது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழிலோ போனது, தின்றது, அழுதது என விகுதியே அதனை எளிதில் தந்துவிடும். இலக்கணம் இலவசமாகத் தருவதற்காகச் சொல்லொழுங்கை முறுக்கி, எந்தத் தாயும் பேசாத தொடரை ஆக்குவது வீண். வேர்ச்சொற்களை எதிர்நிறுத்தும் வேலையைத் தமிழில் எதுகை செய்யும்: மலை, தலை, இலை என முதலெழுத்து மாறி இரண்டாம் எழுத்து ஒன்றுவது காண்க.

5. பாடல் மட்டுமே மொழியை வளர்க்கும் என்பது நம் கருத்தன்று. ஊட்டுகையிலும் குளிப்பாட்டுகையிலும் பேசும் பேச்சே அடிப்படை. எனினும், பெயர்க்கப்பட்ட பாடலை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: எச்செயலோடு அது பாடப்படும்? எது நிலைத்து எது மாறுகிறது? குழந்தைக்கு எங்கே இடம் விடப்பட்டுள்ளது? இவற்றிற்கு விடையில்லையேல், பெயர்ப்பதினும் அவ்வட்டாரத்துத் தாய்மார் பாடுவதைப் பதிவுசெய்து அச்சிடுவதே நன்று.