குதிரைத் திறன் மட்டும் போதுமா?

லேண்ட் ரோவர் என்ற பிரிட்டிஷ் வண்டி 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. சேறு, மேடு, காடு என எங்கும் செல்லக்கூடிய அதன் ‘சீரீஸ்’ வகைகள் 1985 வரை தயாரிக்கப்பட்டன. அவற்றைப் போற்றி வைத்திருக்கும் ஆர்வலர்கள் பிரிட்டனில் பலர் உண்டு. இவர்கள் பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ‘200 டிடிஐ’ என்ற டீசல் எஞ்சினைப் பொருத்துவது நீண்டகால வழக்கம். 1989-இல் டிஸ்கவரி வண்டியுடன் வந்த எஞ்சின் இது. கழித்துக் கட்டிய வண்டியிலிருந்து எடுத்து, பிரித்துச் செப்பனிட்டு மாட்டுகிறார்கள். இந்த வேலைக்குக் கிடைக்கும் பாராட்டு எவ்வளவு தூரம் பொருந்தும்? பௌதிகத்தின் துணைகொண்டு பார்ப்போம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். எஞ்சின் தேர்வில் குறை காண முடியாது. பழைய 2.25 லிட்டர் எஞ்சினின் பரம்பரையில் வந்ததே இதுவும். ஆகவே சில மாறுதல்களுடன் பழைய கியர் பெட்டியோடு இணைந்துவிடுகிறது. பழைய பெட்ரோல் எஞ்சினின் உச்சத் திறன் சுமார் 70 குதிரைத் திறன், புதியதற்கு 111. இதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் உண்மையான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 1800 சுற்றிலேயே 265 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது. முறுக்கு விசையைக் கோண வேகத்தால் பெருக்குங்கள்: 265 × 188.5, அதாவது ஏறத்தாழ 50 கிலோவாட் அல்லது 67 குதிரைத் திறன். பழைய எஞ்சின் 4000 சுற்றில் மூச்சிரைக்கத் தந்ததை இது பாதிக்கும் குறைவான வேகத்தில் நிதானமாகத் தந்துவிடுகிறது.

இனி, செப்பனிடும் முறையைப் பார்ப்போம். டீசல் எஞ்சினில் தீப்பொறிக் கட்டை இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அமுக்கப்பட்ட காற்றின் சூடே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 19.5. காற்று 300 கெல்வினில் உள்ளே நுழைந்து, வெப்ப மாற்றீடின்றி அமுக்கப்படுவதாகக் கொண்டால், அதன் வெப்பநிலை 300 × 19.5^0.4, அதாவது சுமார் 984 கெல்வின் (711° செல்சியஸ்) ஆகும். அமுக்க விகிதம் 8 உள்ள பெட்ரோல் எஞ்சினில் இதே கணக்குத் தருவது சுமார் 416° செல்சியஸ்தான். ஆனால் இது ஏட்டுக் கணக்கு. உண்மையில் சிறிது வெப்பம் உருளையின் சுவருக்குப் போகிறது. சிறிது காற்று பிஸ்டன் வளையங்களின் ஓரமாய்க் கசிகிறது. கசிவு மிகுந்தால் சூடு போதாது. குளிர்ந்த காலையில் எஞ்சின் கிளம்பாமல், எரியாத டீசலை வெண்புகையாகக் கக்கும்.

ஆகவே, “புது வளையம் போட்டாயிற்று, வேலை முடிந்தது” என்பாரை நம்ப வேண்டாம். உருளை சீராகத் தேய்வதில்லை. மேற்பகுதியில் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும்; வட்டமும் நீள்வட்டமாகிவிடும். நீள்வட்டத் துளைக்குள் வட்ட வளையம் எப்படி அடைப்பாகப் பொருந்தும்? உள்விட்டத்தைப் பல உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் இரு செங்குத்துத் திசைகளிலும் அளந்து பார்த்தே, குடைந்து பெரிதாக்கும் ரீபோரிங் தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். பளபளக்கும் வண்ணப்பூச்சைக் காட்டி அளவுகளைக் காட்டாத செப்பனிடல், விடையை எழுதி வழிமுறையை விட்டுவிட்ட கணக்கைப் போன்றது. அதற்கு முழு மதிப்பெண் தர முடியாது.

இதில் ஆபத்தும் உண்டு. தேய்ந்த எஞ்சினில் கசியும் வாயு, எண்ணெய்த் துளிகளைச் சுமந்துகொண்டு காற்று வழியில் கலக்கலாம். டர்போவின் எண்ணெய் அடைப்பும் கசியலாம். அப்போது எஞ்சின் தன் மசகெண்ணெயையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. நிறுத்துவதற்குத் தீப்பொறி என்று ஒன்று அதில் இல்லையே! காற்று வழியை அடைத்தாலன்றி எளிதில் அடங்காது.

அடுத்து, எஞ்சினுக்குப் பின்னால் இருப்பவை. பழைய எஞ்சினின் முறுக்கு விசை சுமார் 165 நியூட்டன் மீட்டர். புதியது அதைப்போல் 1.6 மடங்கு. தாழ்ந்த கியரில் இது மேலும் பல மடங்காகப் பெருகிப் பின் ஆக்சில் தண்டுகளைச் சென்றடைகிறது. அந்தத் தண்டுகளோ பழைய எஞ்சினுடனே முறிவதற்குப் பேர் போனவை. வேகத்தையும் கவனியுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் சென்ற வண்டி 110-இல் சென்றால், இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 1.9 மடங்காகிறது. அத்தனையையும் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டியது அதே பழைய டிரம் பிரேக்குகள். பிரேக்கைத் தொடாமல் எஞ்சினை மட்டும் மாற்றியவர், வண்டியின் வலிமையைக் கூட்டவில்லை. அதில் ஏறுவோரின் ஆபத்தைக் கூட்டியிருக்கிறார்.

சிலர் இதே எஞ்சினை டர்போவை நீக்கிவிட்டுப் பொருத்துகிறார்கள். திறன் குறையும்; கியர் பெட்டி பிழைக்கும். பெருமையடிக்க எண் ஏதுமில்லாத இந்த அடக்கமான வேலையையே நான் உயர்வாக மதிப்பேன். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமைதானே!

அடுத்த முறை யாரேனும் இத்தகைய வண்டியைக் காட்டினால், குதிரைத் திறனைக் கேட்காதீர்கள். உருளையின் அளவுகள் என்ன? ஆக்சில் எவ்வளவு தாங்கும்? நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும்? இம்மூன்றுக்கும் அளந்து விடை சொல்பவரே நல்ல பொறிவல்லுநர்.