பாதியில் கைவிடப்படும் நூல்: சுயபதிப்புப் புனைகதையும் வாசிப்பு அறமும்

ஆய்வுச் சுருக்கம்

பதிப்பகத்தின் துணையின்றி ஆசிரியரே வெளியிடும் புனைகதைகளை வாசகர் பாதியில் நிறுத்திவிடுவது இன்று இயல்பாகியுள்ளது. இந்நிறுத்தம் நூலின் குறையைக் காட்டுகிறதா, வாசகரின் எல்லையைக் காட்டுகிறதா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. நன்னூல் கூறும் நூற்குற்றங்களையும் வாசிப்புக் கோட்பாட்டையும் துணைக்கொண்டு, கைவிடலின் காரணங்களை மூவகையாகப் பகுத்து, அவற்றுள் எவை திறனாய்வுச் சான்றாகும் என்பதை வரையறுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சுயபதிப்பு, மின்னூல், வாசிப்புக் கோட்பாடு, நூற்குற்றம், நன்னூல், திறனாய்வு அறம்.

முன்னுரை

2016இல் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு இடம் கிடைத்தது. அதன்பின் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே இருந்த பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துநர், விற்பனையாளர் என்னும் படிநிலைகள் பலருக்குத் தேவையற்றவையாயின. பிரதிலிபி போன்ற தளங்கள் தொடர்கதை எழுதுவோருக்குப் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கித் தந்தன. பதிப்பகங்களை அணுகும் வாய்ப்பற்றிருந்தோர், குறிப்பாகக் குடும்பக்கதை எழுதும் பெண்கள், இவ்வழியே எழுத்துலகிற்குள் வந்தனர். ஆயினும் கல்விப்புல ஆய்வுகளில் இப்படைப்புகளுக்குரிய இடம் மிகக் குறைவு. "சில பக்கங்களுக்கு மேல் படிக்க இயலவில்லை" என்பதே பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது. அக்கூற்றை ஒரு தீர்ப்பாக ஏற்கலாமா என்பது ஆராயத்தக்கது.

கைவிடும் உரிமை

பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992இல் வெளியிட்ட நூலில் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். நூலை முடிக்காமல் விடும் உரிமையும் அவற்றுள் ஒன்று. பொதுவாசகருக்கு இவ்வுரிமை முழுமையாக உண்டு. காலமும் கவனமும் அவருடையவை; அவர் யாருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. திறனாய்வாளரின் நிலை வேறு. அவர் நிறுத்திய இடம் பிறருக்கு மதிப்பீடாகச் சென்று சேர்கிறது. எனவே அவரும் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியதற்கான காரணத்தைக் காட்டும் கடமை அவருக்கு உண்டு.

நம்பிக்கை என்னும் முதலீடு

பனுவலில் உள்ள இடைவெளிகளை வாசகரே நிரப்புகிறார் என்பது வூல்ஃப்காங் ஐசரின் கருத்து. இங்கு ஒன்றைச் சேர்த்து நோக்க வேண்டும். இடைவெளி திட்டமிட்டு விடப்பட்டது என்று நம்பினால்தான் வாசகர் அதை நிரப்ப முற்படுவார். கவனக்குறைவால் நேர்ந்தது என்று கருதினால் உழைக்க மறுப்பார். அச்சு நூலில் இந்நம்பிக்கையின் ஒரு பகுதியைப் பதிப்பகத்தின் பெயர் முன்கூட்டியே தந்துவிடுகிறது.

தமிழ் மரபு இதனை முன்பே உணர்ந்திருந்தது. சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோராக ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரை நன்னூல் குறிக்கிறது. நூலுக்குப் பிறரே சான்று கூற வேண்டும் என்பது இதன் உட்கிடை. அரங்கேற்றமும் அத்தகைய சான்றே. சுயபதிப்பு நூலுக்கு இச்சான்று இல்லை. நம்பிக்கை முழுவதையும் பனுவலே தன் முதற்பக்கங்களில் ஈட்டியாக வேண்டும்.

இதனால்தான் எழுத்துப்பிழை இங்கு மேற்போக்கான குறையாக நிற்பதில்லை. "அறைக்குள் நுழைந்தான்" என்பது "அரைக்குள் நுழைந்தான்" என வரும்போது பொருள் விளங்காமற் போவதில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் பாத்திரம் காரணமின்றி மௌனமாகும்போது, அது கலையா கவனமின்மையா என்ற ஐயம் வாசகருக்கு எழுகிறது. பிழை நம்பிக்கையைக் குலைக்கிறது. குலைந்த நம்பிக்கை நல்ல பகுதிகளையும் ஐயத்துடன் படிக்கச் செய்கிறது.

நூற்குற்றங்களும் கைவிடும் இடமும்

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்கள் இலக்கண, அறிவு நூல்களை நோக்கியவை. புனைகதைக்கு அவற்றை அப்படியே பொருத்துதல் தகாது. கூறியது கூறல் கதையில் உத்தியாகவும் அமையலாம். எனினும் வாசகர் எவ்விடத்தில், ஏன் நிறுத்துகிறார் என்பதைப் பெயரிட்டுச் சொல்ல இக்கலைச்சொற்கள் பெரிதும் பயன்படுகின்றன.

தொடக்கத்திலேயே நிறுத்தச் செய்வது வழூஉச்சொற் புணர்த்தல். நடுப்பகுதியில் நிறுத்தச் செய்பவை மிகைபடக் கூறலும் மற்றொன்று விரித்தலும். இரண்டாம் இயலில் தங்கையாக இருந்தவள் ஒன்பதாம் இயலில் அக்காளாவது மாறுகொளக் கூறல். எல்லாவற்றினும் நுட்பமானது சென்று தேய்ந்து இறுதல். கதை முறிவதில்லை, படிப்படியாக வலுவிழக்கிறது. இக்குற்றமுடைய நூலை வாசகர் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் கைவிடுவதில்லை. மறுநாள் எடுக்காமல் விடுகிறார்.

இக்குற்றங்களை எழுத்தாளரின் திறமைக்குறைவு என்று மட்டும் கொள்ளலாகாது. கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் 2015 ஜூலை 1 வரை, வாசகர் நூலின் 10 விழுக்காட்டைக் கடந்தால் ஆசிரியருக்குத் தொகை கிடைத்தது. அதன்பின் படிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையே கணக்காயிற்று. முந்தைய முறை குறுநூல்களுக்கு ஆதாயமாக இருந்தது. பிந்தையது நீண்ட நூல்களுக்குச் சாதகமாயிற்று. 2016இல் ஒரு வாசகருக்கு ஒரு நூலில் 3000 பக்கங்கள் வரையே கணக்கிடப்படும் என்று வரம்பு விதிக்க வேண்டியிருந்ததே இதன் விளைவை உணர்த்தும். மிகைபடக் கூறலுக்கு இங்குப் பொருளாதார அடிப்படை உண்டு. விலைக்கு வாங்குமுன் தொடக்கப் பகுதியை இலவசமாகப் படிக்கலாம் என்பதால் தொடக்கம் செதுக்கப்படுகிறது. பின்பகுதி அத்தகைய கவனத்தைப் பெறாமற் போவதற்கு இடமுண்டு. சென்று தேய்ந்து இறுதலை இச்சூழலோடும் இணைத்துப் பார்க்க வேண்டும்.

இம்முறையில் கைவிடல் வாசகரின் தனிப்பட்ட செயலாகவும் நிற்பதில்லை. அவர் நிறுத்திய பக்கத்தோடு ஆசிரியரின் ஊதியமும் நின்றுவிடுகிறது.

கைவிட்டோர் பிழைபட்ட நேர்வு

மார்செல் புரூஸ்தின் பெருநாவலின் முதற்பகுதியைப் பாரிசின் பதிப்பகங்கள் பல மறுத்தன. உறக்கத்திற்கு முன் ஒருவர் புரண்டு படுப்பதை விவரிக்க முப்பது பக்கங்கள் எதற்கு என்பது அவற்றுள் ஒன்றின் பொறுப்பாளர் எழுப்பிய வினா. ஆந்த்ரே ழீத் சார்ந்திருந்த குழுவும் அதனை ஏற்கவில்லை. 1913இல் கிராஸே நிறுவனம் ஆசிரியரின் செலவிலேயே அந்நூலை வெளியிட்டது. மறுத்தமை பெரும்பிழை என்று 1914இல் ழீத் புரூஸ்துக்கு எழுதினார். நாவலின் இரண்டாம் பகுதி 1919இல் கொன்கூர் பரிசைப் பெற்றது.

தன் செலவில் வெளிவரும் நூல்களெல்லாம் புறக்கணிக்கப்பட்ட பேரிலக்கியங்கள் என்பதற்கு இது சான்றாகாது. மிகைபடக் கூறல் என்று தோன்றியதே அந்நாவலின் இயங்குமுறையாக இருந்தது என்பதே இந்நேர்வு உணர்த்துவது. நீளம் குற்றமா, முறையா என்பதைச் சில பக்கங்களைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

தமிழ்ச் சூழலில் வட்டார வழக்கு இதற்கு இணையான சிக்கலைத் தருகிறது. கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலில் கரிசல் வழக்கை வாசகர் வளமாகக் கொள்கின்றனர். அறியப்படாத ஒருவரின் மின்னூலில் அத்தகைய சொல்வடிவம் வந்தால் பிழையெனத் தோன்றக்கூடும். பேர்பெற்றவரிடம் வழக்கு என்று கொண்டதை அறியாதவரிடம் வழு என்று கொள்வது திறனாய்வாகாது.

மூவகைக் காரணங்கள்

மேற்கண்டவற்றால் கைவிடலுக்கான காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, மொழிசார் குறை. இதனைச் சில பக்கங்களிலேயே நிறுவலாம், திருத்தவும் எளிது. வட்டார வழக்கினின்று இதனைப் பிரித்தறிதல் மட்டுமே இன்றியமையாதது. இரண்டாவது, கட்டமைப்புசார் குறை. தேய்தலும் முரணும் நூலின் பெரும்பகுதியைப் படித்தபின்னரே நிறுவத்தக்கவை. மூன்றாவது, சுவைசார் விலகல். கட்டாயத் திருமணத்தில் தொடங்கிக் காதலில் முடியும் கதையமைப்பு ஒருவருக்கு ஒவ்வாமல் இருக்கலாம். அதன் கருத்தியலை விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு அக்கதை எவ்வாறு முடிகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து "படிக்க இயலவில்லை" என்று கூறும்போது, சுவை வேறுபாடு தரக்குறைவு என்னும் பெயரைப் பெற்றுவிடுகிறது.

முடிவுரை

சுயபதிப்புப் புனைகதையைப் பாதியில் விடுதல் குற்றமன்று. எங்கு, எக்காரணத்தால் விடப்பட்டது என்பதைக் குறிக்காமல் மதிப்பிடுதலே குற்றம். முழுமையாகப் படிக்காத நூலைப் பற்றி எழுதும் திறனாய்வாளர் தாம் நிறுத்திய இடத்தைக் குறிப்பிட வேண்டும். அதுவரை கண்ட குறையை எடுத்துக்காட்டுடன் நிறுவ வேண்டும். அதற்கப்பால் தீர்ப்புக் கூறாதிருக்க வேண்டும். பதிப்பாசிரியர் இல்லாத நூலுக்கு முதல் பதிப்பாசிரியராக அமைபவர் வாசகரே. அவர் நிறுத்திய இடத்தைக் காரணத்தோடு குறித்து வைத்தால், அக்குறிப்பு எழுதியவருக்கு மெய்ப்புத் திருத்தமாகவும் இலக்கிய வரலாற்றிற்குச் சான்றாகவும் பயன்படும்.