புத்தம் வீடு எந்த ஊரில் இருக்கிறது?

தமிழ் விமர்சனத்துக்கு எழுத்தாளர்களை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து அடுக்கும் பழக்கம் உண்டு. கரிசலுக்கு கி. ராஜநாராயணன், கொங்குக்கு ஆர். சண்முகசுந்தரம், நாஞ்சில் வயல்வெளிக்கு நாஞ்சில் நாடன். இந்த அடுக்கில் ஹெப்சிபா ஜேசுதாசனுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ‘குமரி மாவட்டக் கிறிஸ்தவ வாழ்வைச் சொன்ன முன்னோடி’ என்பது. அவருடைய ‘புத்தம் வீடு’ 1964இல் வெளிவந்தது. அப்போது குமரி மாவட்டத்துக்கு எட்டு வயதுதான். நாவல் சொல்லும் சமூகமோ அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அது தென் திருவிதாங்கூரின் பனங்காட்டுச் சமூகம். 1956 நவம்பர் 1ஆம் தேதி போடப்பட்ட எல்லைக்கோடு அதன் குறுக்கே விழுந்தது. களியக்காவிளைக்குத் தெற்கே இருந்தவர்கள் தமிழ்நாட்டில் சேர்ந்தார்கள்; வடக்கே பாறசாலையிலும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலும் இருந்த அவர்களுடைய உறவுக்காரர்கள் கேரளத்தில் தங்கிவிட்டார்கள். ஆகவே இந்த நாவலை ஒரு மாவட்டத்தின் நாவலாகப் படிப்பது அதை அரைகுறையாகப் படிப்பதாகும். எல்லையின் இருபுறத்துக்கும் பொதுவான ஒரு சமூகத்தை உள்ளிருந்து பார்த்து எழுதிய படைப்பு அது. அப்படிப் பார்க்கும் கண்ணை ஹெப்சிபாவுக்குக் கொடுத்தது பூர்வீக ஊர் மட்டும் அல்ல, ஊருக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையில் அவர் வாழ்ந்த வாழ்க்கையும்தான்.

ஹெப்சிபா 1925இல் பர்மாவில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் தக்கலையை ஒட்டிய புலியூர்க்குறிச்சி. ஆங்கில இலக்கியம் படித்து, திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக வேலை பார்த்தார். கணவர் பேராசிரியர் சி. ஜேசுதாசன் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர்; கம்பனில் தோய்ந்த அவரை ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் உள்ள ‘மத்துறு தயிர்’ கதை வழியாக அறிந்த வாசகர்கள் இன்று அதிகம். இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1961இல் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து ‘புத்தம் வீடு’. பிறகு ‘டாக்டர் செல்லப்பா’ (1967), ‘அநாதை’ (1978), பர்மாவைப் பின்னணியாகக் கொண்ட ‘மா-னீ’ (1982). நாவல்கள் இந்த நான்கே. ஓய்வுக்குப் பின் புலியூர்க்குறிச்சிக்குத் திரும்பி, தமிழரின் இலக்கியத்தை அவர்கள் வரலாற்றோடு சேர்த்துச் சொல்லும் ஆங்கில நூல் ஒன்றைப் பல தொகுதிகளாக எழுதினார். 2002ஆம் ஆண்டுக்கான விளக்கு விருது கிடைத்தது. 2012 பிப்ரவரியில் மறைந்தார். பிறப்பு ஒரு நாட்டில், தொழில் மலையாளத் தலைநகரில், பாடம் ஆங்கிலத்தில், நாவல் மட்டும் பனைவிளைத் தமிழில் என்பது இந்த வாழ்க்கையின் வடிவம். திருவனந்தபுரத்துக்கும் புலியூர்க்குறிச்சிக்கும் இடையில் போகிற சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று அந்தப் பனங்காட்டுச் சமூகத்தை முழுவதுமாக ஊடறுத்துச் செல்கிறது.

அந்தச் சமூகத்தின் அடித்தளம் மூன்று. முதலாவது பனை. விளைகளை வைத்திருந்த சில குடும்பங்கள், அந்த விளைகளில் பனையேறிப் பிழைத்த பல குடும்பங்கள். அக்கானி (பதநீர்) இறக்குவது, காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது, விளைக்காரருக்குப் பங்கு கொடுப்பது. சாதி ஒன்றே ஆனாலும் விளை வைத்திருப்பவர் வீட்டுத் திண்ணையில் பனையேறி சமமாக உட்கார முடியாது. இரண்டாவது லண்டன் மிஷன். அதன் பணி மயிலாடியில் தொடங்கி நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை, திருவனந்தபுரம் என வடக்கே நகர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாறசாலையில் தங்கிப் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் திருவிதாங்கூர் அனுபவங்களை 1870இல் நூலாக வெளியிட்டார். மிஷன் கொண்டுவந்தது வேதம் மட்டுமல்ல, பள்ளிக்கூடமும்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. மூன்றாவது பெண்ணின் உடல்மீது நடந்த அரசியல். தோள்சீலைக் கலவரங்கள் 1820களில் கல்குளம் பக்கம் மூண்டு நெய்யாற்றின்கரை வரை பரவின; 1859 அரச அறிவிப்போடுதான் ஓரளவு அடங்கின. மேலாடை போடும் உரிமையைப் போராடிப் பெற்ற ஒரு சமூகம், அதே நூற்றாண்டின் முடிவுக்குள் தன் வசதியான வீட்டுப் பெண்களைக் கதவுக்குள் வைப்பதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டது. மேல்சாதி வீடுகளில் கண்ட ஒழுங்கைத் தன் வீட்டில் நாட்டுவதே தான் உயர்ந்ததற்கு அடையாளம் என்று அது எண்ணியது. இந்த மூன்றும் எல்லையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

‘புத்தம் வீடு’ இந்த மூன்று இழைகளையும் ஒரே வீட்டுக்குள் பின்னுகிறது. பனைவிளை என்ற கிராமத்தில் வாழ்ந்து கெட்டுக்கொண்டிருக்கும் குடும்பம், அதன் தலைவர் முதியவர் கண்ணப்பச்சி, பேத்தி லிஸி. பள்ளிக்கூடம் போய்வந்த சிறுமி, வயது வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். அவள் மனம் நாடும் தங்கராஜ் பனையேற்றக் குடும்பத்துப் பிள்ளை. கொலை ஒன்று நடக்கிறது. பழி தங்கராஜ்மேல் விழுகிறது. அது நீங்கிய பிறகே திருமணம். கதையாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் ஹெப்சிபா எதையும் கதைக்காக மட்டும் எழுதவில்லை. லிஸியின் அடைப்பைக் கொடுமைக்காரர் யாரும் செய்யவில்லை. அவளை நேசிப்பவர்களே செய்கிறார்கள், அவளும் அதை இயல்பென்றே எடுத்துக்கொள்கிறாள். அவள் எதையும் எதிர்த்துப் பேசுவதில்லை. தன் விருப்பத்தை விட்டுக்கொடுப்பதும் இல்லை. வீட்டுக்குள் இருப்பவளுக்கு வெளியுலகம் எப்படி வந்து சேருமோ அப்படியே, காதில் விழுந்ததாகவும் கண்ணில் பட்டதாகவும் துண்டு துண்டாக நாவல் நகர்கிறது. ஆசிரியர் நடுவில் வந்து அழுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை. அறுபதுகளில் பெண் எழுத்தாளர்களின் நாவல்கள் பெரும்பாலும் பத்திரிகைத் தொடர்களாக வாரந்தோறும் ஒரு திருப்பத்தைக் கேட்டு நின்ற காலத்தில், இந்த அடக்கம் அபூர்வம்.

இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது? ஊரிலேயே இருந்து எழுதியிருந்தால் லிஸியின் அடைப்பு எழுதத் தகுந்த பொருளாகவே அவருக்குத் தோன்றியிருக்காது. ஊரை முற்றிலும் விட்டுப் போயிருந்தால் அது ஒரு பழங்கால வினோதமாக மாறியிருக்கும். சீனத்தின் ஷியாவ் ஹொங் இங்கே நினைவுக்கு வருகிறார். வடகிழக்குச் சீனத்தின் ஹூலானில் 1911இல் பிறந்த அவர், தன் மண் ஜப்பானியர் கையில் சிக்கியபின் ஊர் ஊராக அலைந்தார். 1935இல் லூ சுன் முன்னுரையோடு வந்த நாவல் அவரைப் பெயர் பெறச் செய்தது. ஹூலானின் பெண்களையும் சடங்குகளையும் பற்றிய பெரும் படைப்பை அவர் ஹாங்காங்கில் எழுதி முடித்தார். 1942இல் அங்கேயே முப்பது வயதில் இறந்தார். தொலைவு அவருக்கு ஊரைத் தெளிவாக்கியது. ஆனால் திரும்பிப் போகும் வழி அடைபட்டிருந்தது. ஹெப்சிபாவின் தொலைவு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அதுவும் பேருந்தில் போய்வரக் கூடியது. அதனால்தான் ஷியாவ் ஹொங்கிடம் உள்ள இழப்பின் வேதனை ‘புத்தம் வீட்டில்’ இல்லை. நடப்பதை நடப்பதாகவே சொல்லும் நிதானம் இருக்கிறது. நகுலன், நீல. பத்மநாபன், ஆ. மாதவன் என்று அன்றைய திருவனந்தபுரத் தமிழ் எழுத்து முழுவதற்கும் இந்த இடைவெளி பொதுச் சொத்து. நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல் இரணியலைத் திருவனந்தபுரத்திலிருந்து திரும்பிப் பார்த்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’க்கும் (1966) முன்பே, தென்கோடித் தமிழின் பேச்சை நாவல் முழுக்க ஒலிக்கவிட்டவர் ஹெப்சிபா.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு மொழி சார்ந்தது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இன்று பெரும்பாலோர் படிப்பதும் எழுதுவதும் மலையாளம். தமிழ் நாவல் ஒன்றை அவர்களுடையது என்பது எல்லைப் போராட்டக் காலத்து உரிமைக் கோரிக்கையை இலக்கியத்தின் பெயரால் புதுப்பிப்பது ஆகாதா? ஆகாது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இருந்தது; மாநில மறுசீரமைப்பில் அது ஏற்கப்படவில்லை; அந்த அரசியல் முடிந்துபோன ஒன்று. ஆனால் அரசியல் எல்லை மொழியின் எல்லையும் ஆகிவிடாது. நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த நாராயண குரு மலையாளத்திலும் சமஸ்கிருதத்திலும் எழுதியதோடு தமிழிலும் பதிகம் பாடினார். அதை யாரும் உரிமைக் கோரிக்கையாகப் பார்ப்பதில்லை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயம்கூட, மாநிலம் பிரிந்தபின் 1959இல்தான் தென் கேரளம், கன்னியாகுமரி என இரண்டாயிற்று. எல்லை ஒருவரின் பெருமையை எப்படி மறைக்கும் என்பதற்கு ஜே. சி. டேனியல் சாட்சி. மலையாளத்தின் முதல் திரைப்படத்தை எடுத்தவரும் இதே பனங்காட்டுச் சமூகத்தைச் சேர்ந்தவருமான இந்த நாடார் கிறிஸ்தவர், கடைசியில் தமிழ்நாட்டு அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975இல் மறைந்தார். அவர் பெயரில் கேரள அரசு விருது ஏற்படுத்தியது 1992இல். அவரைத் தாமதமாகவேனும் மலையாளிகள் தம்மவராக ஏற்றுக்கொண்டார்கள். ஹெப்சிபா விஷயத்தில் எதிர்ப்புறமாக நடக்க வேண்டியது இன்னும் நடக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு பெண்ணிய நோக்கிலிருந்து வருவது. லிஸி கல்வியைத் தொடரவில்லை, வீட்டை விட்டு வெளியேறவில்லை, கடைசியில் அவளுக்குக் கிடைப்பது கல்யாணம். இதில் விடுதலை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கல்யாணம் எப்படிச் சாத்தியமாகிறது என்று பார்க்க வேண்டும். காதலின் வலிமை மட்டும் அதைச் சாதிக்கவில்லை. விளையும் பணமும் கரைந்து, வீட்டின் கௌரவம் உள்ளீடற்றுப் போன பிறகுதான் பனையேறியின் மகன் அந்த வாசலுக்குள் மாப்பிள்ளையாக வர முடிகிறது. பொருளாதாரம் சரியும்போதுதான் கட்டுப்பாடு தளர்கிறது என்ற கசப்பான உண்மையை ஹெப்சிபா மறைக்கவில்லை. அதை வெற்றியாகக் கொண்டாடவும் இல்லை. வீறுகொண்டு எழும் நாயகி ஒருத்தியை அவர் படைத்திருந்தால் வாசகருக்கு ஆறுதல் கிடைத்திருக்கும். அந்தப் பனங்காட்டு வீடுகளில் உண்மையில் இருந்த ஆயிரக்கணக்கான லிஸிகளின் வாழ்க்கை இலக்கியத்துக்கு வெளியிலேயே நின்றிருக்கும்.

மூன்றாவது மறுப்பு எளியது: நான்கு நாவல்கள், அவற்றில் ஒன்றே நிலைத்தது, அவரைப் பெரிய எழுத்தாளர் என்பது மிகையல்லவா? ‘டாக்டர் செல்லப்பா’ முதல் நாவலின் கச்சிதத்தை எட்டவில்லை என்பதும், பின்னர் வந்தவை பரவலாகப் பேசப்படவில்லை என்பதும் ஒப்புக்கொள்ள வேண்டியவை. அவருடைய உழைப்பின் பெரும்பங்கு ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவதில் சென்றது. புனைவுக்கு அது இழப்பு. ஆனால் ஓர் எழுத்தாளரின் இடத்தை எண்ணிக்கையால் அளந்தால் தமிழில் பல பெயர்கள் உதிர்ந்துவிடும். அவர் திறந்துவிட்ட வழியைத்தான் பார்க்க வேண்டும். திருச்சபை, பனை, கடல், தோட்டம் என்று பேச்சுமொழியில் எழுதப்பட்ட தென்கோடி நாவல்களுக்கு அவருடையது தொடக்கம். குமரி மண்ணிலிருந்து வந்த மலர்வதி ‘தூப்புக்காரி’க்காக 2012இல் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்றார், அது ஹெப்சிபா மறைந்த அதே ஆண்டு. கண்ணப்பச்சி வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்ற பெண், துப்புரவு வேலை செய்யும் பெண், இங்கே நாவலின் மையத்துக்கு வருகிறாள். லிஸியின் வீடு முதலில் எழுதப்பட்டிருந்ததால் அந்த வீட்டுக்கு வெளியே இருந்தவர்களை எழுதுவது பின்வந்தவர்களுக்கு எளிதாயிற்று.

அப்படியானால் இந்தத் துறையில் செய்ய வேண்டியது என்ன? ‘புத்தம் வீட்டை’ வட்டார வழக்குச் சொற்களின் களஞ்சியமாக ஆராய்வதை விட்டுவிட்டு, மிஷன் ஆவணங்களோடும் தோள்சீலைப் போராட்டத்தின் வரலாற்றோடும் பனைத் தொழிலின் சரிவோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குடும்பங்களின் நினைவுகளை நாவலின் அருகில் வைத்துப் பார்க்கும் ஆய்வு, இரு மாநிலங்களின் தமிழ்த் துறைகளும் மலையாளத் துறைகளும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று. இலக்கிய வரலாற்று நூல்கள் ஹெப்சிபாவின் பெயருக்கு எதிரே ‘குமரி மாவட்டம்’ என்று எழுதுவதற்குப் பதில் ‘தென் திருவிதாங்கூர்’ என்று எழுதட்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பள்ளி நூலகங்களும் கிராம வாசகசாலைகளும் இந்த நாவலுக்கு ஓர் இடம் கொடுக்கட்டும். அங்குள்ள வாசகர்கள் படிக்கப்போவது அண்டை மாநிலத்துக் கதையை அல்ல, தங்கள் பாட்டிமார் வாழ்ந்த வாழ்க்கையை.